பறவைக்குச் சாட்சி யார்?

தை மாதத்துச் சனிக்கிழமைகளில், சுபஹுத் தொழுகை முடிந்து, ஊர் இன்னும் முழுதாக விழித்துக்கொள்ளாத வேளையில், நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கல்முனையிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்படுவது வழக்கம். ஆசிரியர் மூவர், எழுதுவினைஞர் ஒருவர், தபாற் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், மற்றையோர் மாணவர். எங்கள் கூட்டத்துக்குப் பெயரில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் என்னும் பதவிகளும் இல்லை. சொத்தென்று சொல்லத்தக்கவை இரண்டு தூரதிருஷ்டிக் கண்ணாடிகளும், ஒரு பறவை நூலும், நீல மட்டையிட்ட சில கொப்பிகளுமே.

சந்தியிலுள்ள தேநீர்க் கடைக்காரர் முதல் நாளே எங்களை நிறுத்திவிட்டார்.

"எங்க சேர், இந்த நேரத்தில இவ்வளவு பேரும்?"

"குருவி பார்க்கப் போகிறோம்."

"சுட்டுத் திங்கிறதுக்கா?"

"இல்லை, பார்ப்பதற்கு."

"பார்த்து?"

"எழுதுவோம்."

"எழுதி?"

முதல் மூன்று வினாக்களுக்கும் நான் தயங்காமல் விடையிறுத்தேன். நான்காவது வினா என் வாயை அடைத்தது. கடையிலிருந்தோர் சிரித்தனர், நானும் சிரித்துக்கொண்டே நடந்தேன். ஆயினும் அந்த ஒற்றைச் சொல் என் பின்னாலேயே வந்தது. எழுதி என்ன செய்வது? இக்கட்டுரை அவருக்கு நான் காலந்தாழ்த்திச் சொல்லும் விடை எனக் கொள்ளலாம்.

எங்கள் நிலத்தின் அமைப்பை அறியாதார்க்கு அதனை ஓரிரு வார்த்தைகளிற் கூறுதல் வேண்டும். பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனக் கடலோரமாக ஊர்கள் ஒன்றையொன்று தோள் தொட்டு நிற்கின்றன. கிழக்கே கடல், மேற்கே வயல்வட்டை. இவ்விரண்டுக்கும் இடையே நாடாப் போன்றதொரு நிலத்துண்டிலேதான் வீடும் பள்ளியும் கடையும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, மக்கள் ஓடியதும் இந்த மேற்குத் திசையை நோக்கியே. கடலுக்கு அஞ்சியவர்க்கு வயல் புகலிடமாயிற்று. அவ்வயலைப் புகலிடமாகக் கொண்டு நெடுங்காலமாய் வந்து போகும் வேறு உயிர்களும் உள்ளன என்பதை எங்களிற் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

நாவிதன்வெளிக்குச் செல்லும் வீதியிலே கிட்டங்கித் தாம்போதி இருக்கின்றது. மாரி கடுத்தால் அதன் மேலாலும் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்தைத் தடுத்துவிடும். மழை தணிந்த தை மாதத்து விடியலில் அங்கு நின்று பார்த்தால், இருபுறமும் நீர். நீரிலே ஆற்றுவாழைத் திட்டுகள். அப்பால் பெரும்போகத்து நெற்பயிரின் பச்சை. ஆற்றுவாழையின் மேல் நீலத் தாழைக்கோழிகள் கால் பாவி நடக்கும். நெடுங்கால் உள்ளான்கள் செந்நிறக் கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து இரை தேடும். மீசை ஆலாக்கள் நீரின் மேல் தாழப் பறந்து, தொட்டும் தொடாமலும் எழும். கம்பத்தின் உச்சியில் நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். வரம்பிலே கொக்கு, எருமையின் அருகே உண்ணிக்கொக்கு, ஆழங்குறைந்த இடத்தில் நாரை.

இந்த நாரையினாலேதான் நான் பறவை பார்ப்பவனானேன். அதிலும் ஒரு பிழையினால்.

நான் தமிழ் படிப்பித்தவன். சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விட்ட செய்யுளை ஆண்டுதோறும் மாணவர்க்கு விளக்கி வந்தவன். வறுமையால் ஊர் விட்டு மதுரைக்குப் போன புலவர், குளிருக்குப் போர்வையின்றி ஒடுங்கிக் கிடந்தபடி, வானிலே செல்லும் நாரையை விளித்து, தம் மனைவிக்குச் செய்தி சொல்லும்படி வேண்டும் பாட்டு அது. அதன் அவலத்தை நான் உருக்கமாகவே எடுத்துரைப்பேன். ஒருநாள் மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், எங்கட வட்டையில நிற்கிற நாரையும் இதுதானா?" என்று கேட்டாள். "இதுவேதான்" என்றேன். அத்துடன் நில்லாமல், அடுத்த சனிக்கிழமை பதினைந்து பிள்ளைகளை அழைத்துச் சென்று, வயலில் நின்ற பெரிய நாரைகளைச் சுட்டி, "புலவர் பாடிய செங்கால் நாரை இதோ" என்று காட்டியும் விட்டேன். பிள்ளைகள் கைதட்டினர்.

அவ்வட்டையிலே நீண்ட காலம் காவல் பார்த்த முதியவர் ஒருவர் வரம்பில் குந்தியிருந்தார். பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவர். பாட்டையும் என் விளக்கத்தையும் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, பிள்ளைகள் சற்று விலகியதும் மெல்லச் சொன்னார்:

"சேர், அதுட காலைப் பாருங்க. சிவப்பா அது? வெளிறின ரோசாப்பூ நிறம். வாயும் மஞ்சள். நீங்க பவளம் எண்டு சொல்றீங்க."

"பாட்டிலே அப்படித்தானே இருக்கின்றது, காக்கா?"

"பாட்டு சரியாத்தான் இரிக்கும். பாட்டுல உள்ள பறவை இது இல்லாம இரிக்கும்."

பாட்டைப் பிழையென்று அவர் சொல்லவில்லை. என் கண்ணையே பிழையென்றார். தமக்குத் தெரிந்த நாரைகளை அவர் இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, வாயைப் பாதி திறந்து நீருக்குள் அமிழ்த்தி, இடமும் வலமுமாகத் துழாவிக்கொண்டு நடப்பது. மீன் அலகிற் பட்ட கணத்திலே கவ்வும். மற்றது, வாய் மூடினாலும் நடுவே இடைவெளி தெரிவது. நத்தையைப் பிடித்து அதன் சதையை வெளியே இழுப்பது. முன்னதைச் சங்குவளை நாரை என்றும் மஞ்சள்மூக்கு நாரை என்றும், பின்னதை நத்தைகுத்தி நாரை என்றும் நூல்கள் வழங்குகின்றன என்பதைப் பின்னரே அறிந்தேன். அம்முதியவர் நூல் எதையும் கண்டவரல்லர், பறவையைக் கண்டவர்.

வீடு திரும்பிய நான் செய்யுளை மீண்டும் எடுத்தேன். புலவர் மூன்று அடையாளங்களைத் தந்திருக்கின்றார். கால் சிவப்பு. அலகு பவளம் போன்றது. அதற்குப் பிளந்த பனங்கிழங்கை உவமை காட்டுகின்றார். மூன்றாவது, அந்த நாரை தன் பெடையோடு தெற்கே குமரிக்கு வந்து பின் வடக்கே திரும்பிச் செல்வது. எங்கள் வயலில் நின்ற நாரைக்கு முதலிரண்டும் பொருந்தா. மூன்றாவது அடியோடு பொருந்தாது, அது இந்நாட்டிலேயே கூடுகட்டி வாழும் பறவை. மூன்றும் பொருந்தும் பறவை, ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் கூடுகட்டிக் குளிர்காலத்தை இந்தியாவிற் கழிக்கும் வெண்ணாரை. இலங்கைக்கு அது மிக அரிதாகவே வரும். புலவர் கண்டே பாடியிருக்கின்றார். நான் காணாமலே படிப்பித்திருக்கின்றேன். பதினைந்து பிள்ளைகளுக்குக் கைதட்டலோடு சொல்லிக்கொடுத்த பிழையை அடுத்த வாரம் வகுப்பிலே திருத்திக் கூறுவதற்கு எனக்குச் சற்றுத் துணிவு வேண்டியிருந்தது. கூறினேன். அந்த மாணவிதான், "அப்ப மத்தப் பறவைகளையும் போய்ப் பார்ப்பமா, சேர்?" என்றாள். எங்கள் கூட்டம் அவ்வாறு தொடங்கியது.

தொடக்கத்தில் நாங்கள் பார்த்தோமேயன்றி எழுதவில்லை. அதன் விலையை அறிந்துகொள்ள நெடுநாள் செல்லவில்லை.

ஊரின் மேற்கெல்லையில் ஒரு பள்ளம் இருந்தது. மாரியிற் குளமாகும்; கோடையிற் சேறாகும். முக்குளிப்பான் அங்கே நீந்தும். கானாங்கோழி நாணலுக்குள் ஒளியும். ஐப்பசி பிறந்தால் உள்ளான்கள் கூட்டமாக வந்திறங்கும். ஒருநாள் உழவு இயந்திரங்கள் கிறவலும் மண்ணும் கொண்டுவந்து கொட்டத் தொடங்கின. ஊர்க் கூட்டமொன்றில் நான் எழுந்து, அந்த இடம் பறவைகள் தங்கும் நீர்நிலை என்றேன். எதிரே இருந்தவர் கெட்டவரல்லர், நிதானமாகவே கேட்டார். "என்ன பறவை? எத்தனை? எந்த மாதத்தில்? யார் பார்த்தார்கள்? எங்கே எழுதியிருக்கின்றது?" என்னிடம் விடையில்லை. "நிறைய வரும்" என்றேன். "நுளம்பும் நிறைய வரும்" என்றார் மற்றொருவர். சபை சிரித்தது. மாதம் மூன்று கழியுமுன் பள்ளம் மேடாயிற்று.

அன்று இரவு எனக்கு விளங்கியது ஒன்று. அந்தப் பள்ளத்தை ஆண்டுக்கணக்காகக் கண்டவர் ஊரில் நூற்றுக்கணக்கானோர். ஆனால் அதற்குச் சாட்சி ஒருவரும் இல்லை. கண்டவன் எல்லாம் சாட்சியாகிவிடுவதில்லை. எதை, எப்போது, எத்தனை என்று சொல்ல வல்லவனும், அவனை மறுத்துக் கேட்க இன்னொருவனும், இருவரும் ஒப்பிய பின் எழுதிவைத்த ஏடும் சேர்ந்தே சாட்சியாகின்றன. இதற்கு ஒருவன் போதான், கூட்டம் வேண்டும்.

உலகத்தார் இதனைப் பல இடங்களிலே கண்டுகொண்டிருக்கின்றனர். அமெரிக்காவிலே ஒரு காலத்தில், கிறிஸ்துமஸ் நாளன்று அணி பிரிந்து சென்று, எந்த அணி அதிகம் சுடுகின்றதோ அதற்கே வெற்றி என்று வேட்டையாடும் வழக்கம் இருந்தது. 1900ஆம் ஆண்டு பிராங்க் சாப்மன் என்னும் பறவையியலார், "இவ்வாண்டு சுடாமல் எண்ணுவோம்" என்று அழைப்பு விடுத்தார். அந்நாளில் 27 பேர், 25 இடங்களிலிருந்து பறவைகளை எண்ணினர். அவ்வெண்ணிக்கை இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. எங்கள் தேநீர்க் கடைக்காரர் கேட்ட "சுட்டுத் திங்கிறதுக்கா?" என்னும் வினா, ஆகவே, அத்துணை வேடிக்கையானதன்று.

இலங்கையிலும் இம்மரபு இளையதன்று. சிலோன் பேர்ட் கிளப் என்னும் கழகம் 1943ஆம் ஆண்டு தோன்றியது. உறுப்பினர் தாம் கண்டவற்றை எழுதியனுப்ப, அக்குறிப்புகளைத் தொகுத்து வைப்பதையே அது தன் தலையாய பணியாகக் கொண்டது. 1976இல் பேராசிரியர் சரத் கொட்டகம கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இலங்கைக் களப் பறவையியல் குழுவைத் தொடங்கினார். மாணவரும் பொதுமக்களும் விரிவுரை கேட்டு, ஒருங்கே வெளிக்களம் செல்லும் வழி அதனால் திறந்தது. 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரி நடுப்பகுதியிலும் பல நாடுகளில் ஒரே காலத்தில் நடக்கின்றது. ஒரே காலத்தில் எண்ணுவதற்குக் காரணம் உண்டு. பறவைக்கு எல்லைக்கோடு தெரியாது; இன்று இங்கே எண்ணியதை நாளை அங்கே மீண்டும் எண்ணிவிடலாகாது.

பறவைகள் எவ்வளவு தூரம் போகின்றன என்பதை இப்போது கருவி பொருத்தியும் அறிகின்றனர். மன்னாரிலே 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் கருவி பொருத்திவிட்ட கடற்காகங்கள், ரஷ்யாவின் வடகோடியிலுள்ள யமால் தீபகற்பம் வரை சென்றன. தெற்கே வந்து வடக்கே திரும்பும் பறவையைச் சத்திமுத்தப் புலவர் கருவியின்றியே அறிந்திருந்தார். வலசை வரும் பறவைகளுக்கு எங்கள் தீவே பாதையின் முடிவு. இதற்குத் தெற்கே தென்துருவக் கண்டம் வரை நிலமில்லை, கடல்தான். இங்கும் இறங்க நீர்நிலை இல்லையெனின் அவை வேறெங்கே போகும்?

எண்ணுவது எவ்வாறு என்று சிலர் கேட்பர். பறந்துகொண்டிருக்கும் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண இயலாது. முதலிற் பத்துப் பறவைகளை உண்மையாகவே எண்ணி, அப்பத்து எவ்வளவு இடத்தை அடைக்கின்றது என்பதைக் கண்ணிற் பதித்துக்கொள்ள வேண்டும். பின்னர் அந்த அளவைக் கூட்டத்தின் மீது அடுத்தடுத்து வைத்துக்கொண்டு போக வேண்டும். இருவர் தனித்தனியே எண்ணிப் பின்பு ஒப்பிடுவர். பெரிதும் வேறுபட்டால் மீண்டும் எண்ணுவர். கண்ணாடியிலே 8×42 என்று பொறித்திருப்பதன் பொருள், பொருளை எட்டு மடங்கு பெருக்கும், முன்வில்லை 42 மில்லிமீற்றர் அகலம் என்பதே. அகலம் கூடினால் விடியற்கால மங்கலிலும் தெளிவு கிட்டும். கண்ணாடி இல்லாதவனுக்கும் வேலையுண்டு. காது கொடுப்பவன், நேரம் பார்ப்பவன், எழுதுபவன் எல்லோரும் எங்கள் கூட்டத்திலே சமமானவர்களே.

ஆண்டுக்கொரு முறை, ஆனி மாதத்தில், நாங்கள் வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு குமணவுக்குச் செல்வோம். அம்பாறைக் கரையின் தென்கோடியிலுள்ள புகலிடம் அது. அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் கடந்து, பாணமையைத் தாண்டி, உகந்தை முருகன் கோவிலருகே வனத்தின் வாசல் வருகின்றது. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் யாத்திரிகர் அந்நாட்களில் அங்கே கூடியிருப்பர். காட்டு வழியே அவர்கள் தெற்கு நோக்கி நடப்பர். நாங்கள் பறவையை நோக்கிச் செல்வோம்.

குமணவின் வரலாறே எங்கள் நாட்டின் வரலாறு போன்றது. 1938இல் அது பறவைச் சரணாலயமாகப் பாதுகாக்கப்பட்டது. 1970இல் யால கிழக்கு என்னும் தேசிய வனமாயிற்று. போர்க்காலத்தில், 1985 முதல் 2003 வரை, பூட்டிக் கிடந்தது. திறந்த மறுவருடமே ஆழிப்பேரலை புகுந்தது. 2006இல் குமண என்னும் பழம் பெயரைத் திரும்பப் பெற்றது. 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. இத்தனைக்கும் நடுவே, ஏறத்தாழ 200 ஹெக்டேர் பரப்புடைய குமண வில்லுக்குக் கும்புக்கன் ஆற்றின் நீர் வந்துகொண்டிருந்தது, பறவையும் வந்துகொண்டிருந்தது.

வில்லைச் சூழ்ந்து கண்டல் மரங்கள் நீரிலே கால் ஊன்றி நிற்கின்றன. ஆனியில் அவற்றின் கிளைகளெல்லாம் கூடுகள். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் கரண்டிவாயனும் அரிவாள்மூக்கனும் நீர்க்காகமும் கொக்கும் அடுக்குமாடி வீடுகளிற் குடியிருப்பார் போலக் குஞ்சு பொரித்திருக்கும். இரைச்சலும் எச்ச வாடையும் நெடுந்தூரத்திலேயே வரவேற்கும். இங்கே எங்கள் விதி கடுமையானது. குரல் எழுப்பலாகாது; கூட்டை நெருங்கலாகாது. தாய் வெருண்டு எழுந்தால், திறந்து கிடக்கும் முட்டையை வெயில் அவித்துவிடும், அல்லது காகம் கொண்டுபோய்விடும். ஒரு நல்ல நிழற்படத்துக்காக ஒரு கூடு அழிவதை எவரும் புகைப்படத்திலே காணமாட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் அங்கே நிகழ்ந்த ஒன்றை நான் சொல்லியாக வேண்டும்.

வனத்தினுள் வாகனம் ஒரு நீர்மடுவைக் கடந்து திரும்புகையில், பத்தாந் தரத்துப் பையன் ஒருவன், "சேர்! கருங்கழுத்து நாரை!" என்று அடக்கிய குரலிற் கூவினான். எல்லோரும் திரும்பினோம். மடுவின் அக்கரையில் உயரமான பறவையொன்று புதருக்குப் பின்னே மறைந்தது. நான் கண்டது அசைவை மட்டுமே.

கருங்கழுத்து நாரை எங்கள் நாட்டில் மிக மிக அரிது. யால, குமண வனங்களிலே விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே காணப்பட்டு வந்தது. வெண்ணிற உடலும், நீலக்கருமை மின்னும் கழுத்தும், கனத்த கருநிற அலகும் உடையது. அதன் கால்களோ பவளச் சிவப்பு. என் உள்ளம் துள்ளியது. செங்கால் நாரை ஒன்றை, புலவர் பாடியதல்லவெனினும், ஒருமுறையேனும் எங்கள் ஏட்டில் எழுதிவிடலாம் என்னும் ஆசை என்னைப் பற்றியது. பையன் உறுதியாக நின்றான். "சிவந்த காலைக் கண்டேன், கறுப்பையும் கண்டேன்" என்றான். அரை மணி நேரம் காத்திருந்தும் பறவை வெளிவரவில்லை.

ஏட்டில் எழுதுவதா, விடுவதா? சிலர் எழுதலாம் என்றனர். "பிள்ளையின் மனம் நோகும்" என்றனர். தபாற் கந்தோர் நண்பர், "ஒருவர் கண்டார், உறுதியில்லை என்று எழுதுங்கள், அதுவும் உண்மைதானே" என்றார். அவ்வாறே எழுதினோம். பையன் முகம் வாடி, மாலை வரை எவரோடும் பேசவில்லை.

திரும்பும் வழியில் பொத்துவிலிலே தேநீருக்கு இறங்கினோம். அவன் பறவை நூலைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். வெண்கழுத்து நாரையின் படமுள்ள பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான். அந்த நாரைக்கு உடல் கறுப்பு, கழுத்து வெண்பஞ்சு போன்றது, கால் மங்கிய சிவப்பு. குமணவில் அது காணக்கூடிய பறவைதான்.

"சேர், கழுத்து கறுப்பா, உடம்பு கறுப்பா எண்டு இப்ப எனக்கு நிச்சயமில்ல. வெட்டிவிடுங்க."

"நீ அவ்வளவு உறுதியாகச் சொன்னாயே?"

"அது ஆசையில சொன்னது, சேர்."

நான் சிறிது நேரம் பேசவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை, பதினைந்து மணித்தியாலம் கழியுமுன் செய்ததை, நான் ஆண்டுக்கணக்காக வகுப்பறையிற் செய்யாதிருந்தேன். அவன் கண்ணுக்கு மேலே அவன் ஆசை ஏறி நின்றதை அவனே கண்டு இறக்கிவிட்டான். நாங்கள் அவ்வரியை அழிக்கவில்லை; ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்திலே "கண்டவர் தாமே ஐயுற்றார்" என்று எழுதினோம். எங்கள் கொப்பிகளிலே நான் மிகவும் மதிக்கும் வரி அது. அத்தகைய வெட்டுக்கோடு உள்ள ஏட்டில், வெட்டப்படாத வரிகளை ஒருவர் நம்பலாம் அல்லவா?

இன்னொரு பயனையும் குறித்தல் வேண்டும். ஜி. எம். ஹென்றி 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய ஆங்கில நூலிலே பறவைக்குப் பறவை சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் தரப்பட்டுள்ளன. அவருக்கு முன்னே, 1880இல் முற்றுப்பெற்ற லெக்கின் பெருநூலிலும் அவ்வாறே. அப்பெயர்கள் வயலிலும் காட்டிலும் கடலோரத்திலும் வாழ்ந்த மக்களின் வாயிலிருந்து வந்தவை. ஆங்கில ஏட்டிலே அவை அச்சேறிய பிறகு, நாங்கள் அவற்றை வாயிலிருந்து உதிர்த்துவிட்டோம். இன்று எங்கள் பிள்ளைகள் தொலைபேசியிலே ஆங்கிலப் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கின்றனர்; பாட்டனிடம் கேட்பதில்லை. ஆதலின் எங்கள் கொப்பியிலே பெயருக்கென ஒரு நிரல் ஒதுக்கியிருக்கின்றோம். வரம்பிலே நிற்பவரிடமும் வலை இழுப்பவரிடமும் கேட்டு எழுதுகின்றோம். அந்த முதியவர் இப்போது இல்லை. அவர் சொன்னவற்றுள் நாங்கள் எழுதியது எஞ்சியிருக்கின்றது; எழுதாதது அவரோடு போயிற்று.

சென்ற ஐப்பசியில் ஒருநாள் தேநீர்க் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். "சேர், எங்கட வளவுக்குள்ள ஆறுமணிக்குருவி வந்திட்டு. எழுதிக்கொள்ளுங்க" என்றார். இந்தியாவிலே, இமயத்தின் அடிவாரம் வரையுள்ள காடுகளிற் கூடுகட்டி, ஆண்டுதோறும் அம்மாதத்தையொட்டி இங்கே வந்து, விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியளவிற் குரல் கொடுப்பதால் அப்பெயர் பெற்ற பல வண்ணக் குருவி அது. "நாங்களும் வந்து கேட்ட பிறகுதான் எழுதுவோம்" என்றேன். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அன்று அந்தி, அவர் வீட்டு மாமரத்தின் கீழ் ஐந்து பேர் மூச்சடக்கி நின்றோம். குரல் கேட்டது. திகதி, நேரம், இடம் எழுதினோம். கண்டவர் நிரலிலே முதலாவதாக அவருடைய பெயர்.

குறுந்தொகையிலே கபிலர் பாடிய செய்யுளொன்றை ஆசிரிய நண்பர்கள் நன்கறிவர். தலைவன் தன்னை மணந்த வேளையில் அங்கே வேறு எவரும் இல்லை என்று கலங்கும் தலைவி, ஓடும் நீரிலே ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற குருகொன்றை நினைவு கூர்கின்றாள். சாட்சி இருந்தது, ஆனால் அது மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. வகுப்பிலே அதன் சுவையைப் பலமுறை விளக்கியிருக்கின்றேன். பள்ளம் மேடான பிறகு அதனை விளக்கும்போது என் குரல் சற்றுத் தாழ்ந்துவிடுகின்றது. அந்தப் பள்ளத்தின் கரையிலே நாங்களும் அக்குருகைப் போலத்தான் நின்றோம். அருகிலேயே இருந்தோம், எங்கள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எழுதி?" என்று கேட்ட நண்பருக்கு என் விடை இதுவே: எவரேனும் ஒருநாள் "இங்கே என்ன இருந்தது?" என்று கேட்கும்போது, வாய் திறந்து சொல்வதற்காக எழுதுகின்றோம். ஏடு இருந்தாற் பள்ளம் காக்கப்பட்டிருக்கும் என்று நான் உறுதி கூறேன். ஆனால் அந்தச் சபையிலே நான் வாயடைத்து நின்றிருக்கமாட்டேன்.

தமிழ் படிப்பிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாரைப் பாட்டைத் தொடங்குமுன் பிள்ளைகளை ஒருநாள் விடியலில் வயற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். கண்ணாடி இல்லாவிடிற் பாதகமில்லை. ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் போதும். பென்சிலின் மறுமுனையிலே அழிப்பான் இருந்தால் அதனை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். பிழைத்ததை ஒரு கோட்டால் வெட்டினாற் போதும்.